ஒழுகும் நட்சத்திரம்

விண்வெளி அருங்காட்சியகத்தில் எல்லாம் இருந்தது. ராக்கெட் இருந்தது, மரத்தில் செய்து வெள்ளி வண்ணம் அடித்தது. நிலாக் கல்லுக்கென்று கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் 'கல் வந்துகொண்டிருக்கிறது' என்ற அட்டை இருந்தது. பெரிய சட்டியைக் கவிழ்த்த மாதிரி தகரக் கூரை போட்ட வான மண்டபமும், அதன் நடுவில் கறுப்புச் சாயம் பூசிய கூரையின் உட்புறத்தில் நட்சத்திரங்களைக் காட்டுகிற எந்திரமும் இருந்தன. பொதுமக்களை வானியலில் ஈடுபடுத்துவதற்கென்றே தனி அறையும், அந்த அறையில் ஒரு பெண் அலுவலரும் இருந்தார்கள். பொதுமக்கள்தான் இல்லை.

அந்த மண்டபத்தின் தரையைத் துடைக்கிற வேலை தார்க்காரரின் மனைவிக்கு. தார்க்காரர் என்றால் ஊரில் ஒழுகுகிற கூரைக்கெல்லாம் தார் காய்ச்சி ஊற்றுகிறவர். மீசை முளைத்த நாளிலிருந்து கொதிக்கிற தகரத்தின்மேல் குந்தி வேலை பார்த்ததில் அவர் தோலுக்கும் தாருக்கும் நிறத்தில் பெரிய சண்டை இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் மனைவி வேலை விட்டு வந்து பையை மூலையில் எறிந்தாள். எறிந்த விதத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"ஏங்க, நாளைக்கு உங்க தார் டின்ன எடுத்துக்கிட்டு என்கூட வாங்க."

"எதுக்கு?"

"எங்க மண்டபம் ஒழுகுது. இன்னிக்கு ஒரு பெரியவரு வழுக்கி விழுந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டாரு. தரை ஈரமா இருந்தா அது தொடைக்கிறவ குத்தமாம். இன்னொருத்தர் விழுந்தா என் வேலை போச்சாம்."

"கூரை ஒழுகினா அது கூரையோட குத்தம்தானே?"

"அத நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா, 'நீ தரையப் பாரு, மேல பாக்க வேற ஆள் இருக்கு'ங்கிறாங்க."

தார்க்காரர் டின்னில் எவ்வளவு தார் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். மழைக்கு முன்னால்தான் அவருக்கு வேலை. மழை பிடித்துவிட்டால் கூரையேற முடியாது. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிவது அவள் துடைக்கிற தரையை நம்பித்தான்.

மறுநாள் காலை அருங்காட்சியக வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார்.

"பணியாளரா, பொதுமக்களா?"

"தார்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"பணியாளர் இல்லீங்க."

"அப்ப பொதுமக்கள்" என்று காவலாளி உள்ளே பார்த்துக் கத்தினார். அதைக் கேட்டதும் ஈடுபாட்டு அலுவலர் செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக ஓடி வந்தார்.

"நிஜமாவே பொதுமக்களா? எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தும் அனுப்பலையே? மழைக்கு ஒதுங்கலையே?"

"மழை இன்னிக்கு இல்லீங்களே அம்மா. நானாத்தான் வந்தேன்."

அலுவலரின் கண் கலங்கியது. தார்க்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய பிறகு கையைத் துடைக்க இடம் தேடினார்.

"எனக்குக் கூரைமேல ஒரு சின்ன வேலைம்மா..."

"மொதல்ல ஈடுபடுங்க. அப்புறம் எதுனாலும் பேசலாம்."

டின்னை வாங்கிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அவரை மண்டபத்துக்குள் இட்டுக்கொண்டு போனார். வழி நெடுக விளக்கம். கையில் பொத்தான் வைத்த ஒரு சின்னக் கருவி இருந்தது. அமுக்கினால் 'டிக்' என்று எண் ஏறும்.

"ஒரு அருங்காட்சியகம் எவ்வளவு வேலை செய்யுதுங்கிறத எப்படி அளக்கிறது, சொல்லுங்க? டிக்கெட்ட வெச்சு அளந்தா நாங்க வேலையே செய்யலைன்னு ஆயிடும். அதனால வியப்ப அளக்கிறோம். ஒரு ஆளு 'ஆ'ன்னா ஒரு வியப்பு. 'ஆஆ'ன்னு இழுத்தா ரெண்டு. கொட்டாவியும் சில சமயம் அப்படித்தான் கேக்கும். அதையும் சேத்துக்கிறோம். இருட்டுல பிரிச்சுப் பாக்க முடியாது பாருங்க."

உள்ளே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. பதிவு செய்த குரல் ஒன்று, "இதோ, கோடானுகோடி விண்மீன்கள்!" என்று முழங்கியது. எந்திரத்தின் பல்பு வயதாகி மங்கிப்போயிருந்ததால் கோடானுகோடியில் ஒரு கைப்பிடிதான் தெரிந்தது. அதுவும் சட்டையில் விழுந்த மாவு மாதிரி. குரல் பிரபஞ்சத்தின் பிறப்புக்கு வந்தபோது பிள்ளைகளில் பாதி தூங்கிவிட்டார்கள். தார்க்காரரும் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். பக்கத்தில் 'டிக்' என்றது.

திடீரென்று ஒரு பிள்ளை "ஆ! அங்க பாரு!" என்றது. கூரையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மற்ற நட்சத்திரமெல்லாம் கூனிக் குறுகிப் போகும்படி ஒன்று பளீரென்று எரிந்தது. எந்திரம் சுழலச் சுழல மற்றவை நகர்ந்தன. அது மட்டும் அசையவில்லை. மண்டபம் முழுக்க "ஆ... ஆஆ..." அலுவலரின் கட்டை விரல் பொரிகிற கடுகு மாதிரி துள்ளியது.

தார்க்காரர் அண்ணாந்து பார்த்தார். துருப்பிடித்த போல்ட் கழன்று விழுந்த ஓட்டை. மேலே வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"அம்மா, இதேதாம்மா. இத அடைக்கத்தான் வந்திருக்கேன்."

டிக் டிக் சத்தம் நின்றது.

அலுவலர் அவரை நேரே அருங்காட்சியக இயக்குநரிடம் இழுத்துக்கொண்டு போனார். அறையில் மேஜைமேல் ஓர் உலக உருண்டை இருந்தது. அது தானாகச் சுழன்றுவிடாமலிருக்க அடியில் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. இயக்குநர் தார்க்காரரை உட்காரச் சொன்னார். உடையைப் பார்த்ததும், நின்றாலும் பரவாயில்லை என்றார்.

"ஓட்டைன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? தெரியும். நானே ஒருநாள் குடை புடிச்சுக்கிட்டுப் பாத்தேன். ஆனா போன வருஷம் இந்த மண்டபத்துல பதிவான வியப்புல முக்கால்வாசி அந்த ஒண்ணுக்கு வந்தது. மிச்சம் கொட்டாவி. அதனால ஆட்சிக்குழுவக் கூட்டி அத நட்சத்திரமா ஏத்துக்கிட்டோம். பேரு வெச்சாச்சு. படம் போட்ட சாவி வளையம் அடிச்சாச்சு. இப்ப அது கட்டடத்துல ஒரு பகுதி கிடையாது; விண்வெளிப் பொருள். விண்வெளிப் பொருள்மேல தார் பூச எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப ஒழுகுற தண்ணி, சார்?"

"நட்சத்திரத்துல இருந்து தண்ணி வராது. அது அறிவியல்."

"தரைல கெடக்கே சார்?"

"அது தொடைக்காதது."

தார்க்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, கூரை வேலையில் இதெல்லாம் சாதாரணம் என்பதால், சாதாரணமாகவே சொன்னார்: "ஒரு துண்டு கண்ணாடிய வெச்சு, சுத்தித் தார் புடிச்சிடறேன். வெளிச்சம் வரும், தண்ணி வராது."

இயக்குநர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனையைக் கண்டால் அவருக்கு முகம் சுருங்கும்.

"கண்ணாடி போட்டா அது ஜன்னல் ஆயிடும். கூரைல ஜன்னல் வைக்கணும்னா நகராட்சி அனுமதி வேணும். நட்சத்திரத்துக்கு அது வேண்டாம்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தார்க்காரர் வீட்டில் குந்தியிருந்தார். மேகம் மூடியதில் நட்சத்திரம் மங்கியது. சொட்டு மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஈடுபாட்டு அலுவலர் சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. சொட்டு விழுகிற இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, 'விண்வெளியைத் தொட்டு உணருங்கள்' என்று பலகை வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டினார்கள். குளிர்ந்த சொட்டு விழுந்ததும் "ஆ" என்றார்கள். பிடரியில் வாங்கியவர்கள் "ஆஆ" என்றார்கள்.

அதன் பிறகு தார்க்காரரின் மனைவிக்கு ஒரே நாளில் இரண்டு கட்டளைகள் வந்தன. நட்சத்திர நீர் காட்சிப்பொருள், அதைத் துடைக்கக்கூடாது என்று ஈடுபாட்டு அலுவலர் சொன்னார். தரையில் ஈரம் இருக்கக்கூடாது என்று இயக்குநர் சொன்னார்.

"ஈரமாவும் இருக்கணும், காஞ்சும் இருக்கணுமாம்" என்றாள் வீட்டில். "துணியக் கையில புடிச்சுக்கிட்டு நாளெல்லாம் பொம்ம மாதிரி நிக்கிறேன். சொட்டு தரையத் தொட்ட உடனே அது யாருதுன்னு யாருக்கும் தெரியல."

"கொஞ்சம் பொறு. மழ விட்டா..."

"பொறுக்கவா? நாளைக்கு அமைச்சர் வர்றாரு, நட்சத்திரத்தப் பாக்க. எங்க நின்னு பாப்பாரு? நேர் கீழ. அந்தாளு சும்மா நின்னாலே ஆடுற உடம்பு. வழுக்கினாருன்னா வேல போறது இருக்கட்டும், என்னை உள்ள தூக்கி வெச்சிருவாங்க. ஊருல உள்ள ஓட்டையெல்லாம் அடைக்கிறீங்க. பொண்டாட்டி தலைக்கு மேல உள்ளத அடைக்க ஆட்சிக்குழு கூடணுமோ?"

தார்க்காரர் எழுந்து போய்த் தார் டின்னை அடுப்பில் ஏற்றினார். பொழுது விடிகிற நேரம் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மண்டபத்தின் பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறினார். தகரம் நனைந்து வழுக்கியது. வயிற்றை அழுத்திக்கொண்டு பல்லி மாதிரி ஊர்ந்து போனார். போகிற வழியில் கை வைத்த இடமெல்லாம் துரு உதிர்ந்தது. ஓட்டையைச் சுற்றித் துணியால் ஒற்றி, சாக்குத் துண்டைத் தாரில் தோய்த்து வைத்து, மேலே ஓர் உருண்டைத் தாரை அப்பி, கட்டை விரலால் விளிம்பெல்லாம் அழுத்தினார். சூடு விரலைச் சுட்டது. வேலை சுத்தம்.

அமைச்சர் வந்தார். தார்க்காரரின் மனைவி காய்ந்த தரையில் துடைப்பத்தோடு மூலையில் நின்றாள். விளக்கு அணைந்தது. குரல் முழங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சட்டையில் விழுந்த அந்த மாவு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"எங்கய்யா?" என்றார் அமைச்சர்.

இருட்டில் இயக்குநர் எச்சில் விழுங்கிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஆனால் அவர் சும்மா அந்த நாற்காலிக்கு வந்தவர் இல்லை. மூன்றாவது மூச்சில் பேச்சு வந்துவிட்டது.

"மாண்புமிகு ஐயா, நட்சத்திரங்களுக்கும் ஆயுள் உண்டு. இன்று அதிகாலையில் நம் நட்சத்திரம் தன் வாழ்வை முடித்துக்கொண்டது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ தொலைநோக்கிகள் காத்துக் கிடக்க, ஒரு நட்சத்திரம் தன் இறுதி மூச்சை விட நம் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இது நம் அரசின் நிர்வாகத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம்."

அமைச்சர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எங்கப்பாவும் இப்படித்தான், சொல்லாமக் கொள்ளாமப் போனாரு" என்றார். எல்லோரும் எழுந்து மௌனம் காத்தார்கள். ஈடுபாட்டு அலுவலர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு மௌனமும் ஒருவகை வியப்புதான் என்று முடிவு செய்து, தலை எண்ணி அமுக்கினார்.

மௌனம் முடிந்ததும் அமைச்சர் கேட்டார்: "அடுத்தது எப்பப் பொறக்கும்? எங்கப்பா பேர வைக்கணும்."

"இந்த வாரத்துக்குள்ள, ஐயா."

மறுநாள் தார்க்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இன்றோடு மனைவியின் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனார். இயக்குநர் இந்தத் தடவை உடையைப் பார்க்காமலே உட்காரச் சொன்னார்.

"மேல ஆள ஏத்திப் பாத்தோம். தாருல பெருவிரல் ரேகை அச்சு மாதிரி பதிஞ்சிருக்கு. உங்களுதுதானே?"

தார்க்காரர் விரலை மடக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. ஒரு இம்மி வெளிச்சம் வரல. நட்சத்திரத்த அணைக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊருல நீங்க ஒருத்தர்தான். ஏத்தவும் தெரியும்ல? துளைபோடுற எந்திரம் நாங்க தர்றோம்."

"போடறேன் சார். ஆனா ஓட்டை போட்டா ஒழுகும். ஒழுகினா என் வீட்டுக்காரி தலைலதான் விடியும். தரை ஈரமானா அவ குத்தம் இல்லன்னு சொல்லிடுங்க."

இயக்குநர் உலக உருண்டையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நிலாவுல சில இடங்களுக்குக் கடல்னு பேரு. சொட்டுத் தண்ணி கெடையாது. தண்ணியே இல்லாத எடத்தக் கடல்னு சொல்லலாம்னா, தண்ணி நிக்கிற எடத்த நாம ஏன் சொல்லக்கூடாது? இன்னிலேர்ந்து மண்டபத்துத் தரை கடல். கடல் ஈரமா இருந்தா யாரு குத்தமும் இல்ல. சரிதானே?"

சரி என்று பட்டது. தார்க்காரர் அமைச்சரின் அப்பாவுக்கு நல்ல வட்டமாக, பிசிறில்லாமல் ஒன்று போட்டார். மண்டப வாசலில் 'கடல். கால் நனையும்' என்று பலகை ஏறியது. வார முடிவில் அவர் மனைவி வேலையிலிருந்து வந்தாள். இந்தத் தடவை பையை எறியவில்லை. மெதுவாகக் கீழே வைத்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கடலத் தொடைக்க ஆள் தேவையில்லையாம். மாசக் கடைசியோட நின்னுக்கணுமாம்."

தார்க்காரர் இயக்குநரிடம் ஓடினார். "சார், வாக்குக் குடுத்தீங்களே!"

"அவங்க குத்தம் இல்லன்னுதான் சொன்னேன். அவங்களுக்கு வேலை இருக்குன்னு சொல்லலையே" என்றார் இயக்குநர், வருத்தம் தெரியும்படி. "உங்களுக்குத்தான் வேலை நெறைய இருக்கு. அமைச்சரோட மாமியாருக்கு ஒண்ணு வேணுமாம். உயிரோடதான் இருக்காங்க; முன்கூட்டியே கேக்கறாங்க. துறைச் செயலாளர் ஒண்ணு கேக்கறாரு. அவருக்குப் போட்டா அவருக்குச் சமமான அஞ்சாறு பேரு மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாங்க."

தார்க்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அழுது மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எத்தன பேரு கேட்டிருக்காங்க?"

"வந்துகிட்டே இருக்கு."

"எல்லாருக்கும் போடுங்க. யாரும் மனசு நோகக்கூடாது. ஏணிய நான் புடிச்சுக்கிறேன்."

போட்டார். மாமியாருக்கும் செயலாளருக்கும் போட்டார். பெரிய பதவிக்குப் பெரிய ஓட்டை என்று மேலிடத்தில் ஒரு பேச்சு எழுந்து, ஏற்கெனவே போட்டதையெல்லாம் அகலப்படுத்தினார். இயக்குநர் கூச்சப்பட்டுக்கொண்டே தன் சம்சாரத்துக்கு ஒன்று கேட்டார். மறுநாள் கூச்சப்படாமல் தனக்கு ஒன்று. செத்துப்போன நாய்க்குக் கேட்டவரும் உண்டு. மழை விட்ட நேரமெல்லாம் கூரைமேல் எந்திரம் அலறியது. கீழே பிள்ளைகள் முட்டிவரை தண்ணீரில் நின்று "ஆ" என்றார்கள். அந்த மாத வியப்புக் கணக்கைப் பார்த்து மேலிடமே வியந்தது. அதையும் அலுவலர் சேர்த்துக்கொண்டார்.

தகரத்துக்கும் ஒரு பொறுமை உண்டு. மழை விட்டு வெயில் அடித்த ஒரு நடுப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தார்க்காரர் ஏணியிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தார். மேலே 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டையும் ஓட்டையும் கைகோத்துக்கொண்டன. கூரையின் நடுப்பகுதி முழுவதையும் இழுத்துக்கொண்டு, அமைச்சரின் அப்பா தொடங்கி நாய் வரை எல்லோருமாகச் சேர்ந்து, நட்சத்திர எந்திரத்தின்மேல் படுத்துவிட்டார்கள்.

மண்டபத்தில் அப்போது இருந்தது ஈடுபாட்டு அலுவலர் மட்டும்தான். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து கருவிக்குப் புது பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். தூசி அடங்கியதும் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு பெரிய நீல வானம் அவர் தலைக்கு மேல் திறந்து கிடந்தது. "ஆஆஆ" என்றார். அது நிஜமானது. பழக்க தோஷத்தில் விரல் தானாக அமுக்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த இயக்குநர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார் இயக்குநர். சாயங்காலத்துக்குள் பேசியும் முடித்துவிட்டார்.

"சூரியனும் ஒரு நட்சத்திரமே. நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் அதுதான். மற்ற அருங்காட்சியகங்கள் இன்னும் பல்பை வைத்து மக்களை ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது, நாம் அசலையே கையகப்படுத்திவிட்டோம். பராமரிப்புச் செலவு இல்லை."

ஒரே வாரத்தில் கடல் வற்றியது. வற்றிய கடல் தரை ஆனது. திறந்த கூரை வழியாகச் சருகும் இறகும் வந்து விழுந்தன; உள்ளே குடியேறிய புறாக்கள் நாற்காலிகளையெல்லாம் வெள்ளையடித்தன. இது விண்கல்லில் சேர்த்தியா என்று ஈடுபாட்டு அலுவலர் ஒரு துண்டைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய் இயக்குநரிடம் கேட்டார். இயக்குநர் முகர்ந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண்மணியை உடனே கூப்பிடுங்கள் என்றார்.

தார்க்காரரின் மனைவி மறுபடி வேலைக்கு வந்தாள். முன்னைவிட வேலை இரண்டு மடங்கு. "வானம் இருக்கிற வரைக்கும் குப்பை விழும்" என்றாள் புருஷனிடம். "இனி என்னை அசைக்க முடியாது." தார்க்காரருக்கும் நிம்மதி, அடைக்கச் சொல்லியும் போடச் சொல்லியும் கேட்க அங்கே கூரை என்று ஒன்று இல்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டுவதும் அவள் வேலைதான். கூட்டிக் குவித்ததை அள்ளிப் போட்டுவிட்டு, துடைப்பத்தைச் சாத்தி வைத்து, சாவியைத் திருப்பினாள். வெளியே தார்க்காரர் அவளுக்காகக் காத்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்கள். பூட்டிய மண்டபத்துக்குள், ஆளில்லாத நாற்காலிகளுக்கு மேலே, இருட்ட இருட்ட நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

அருங்காட்சியகம் ஆறு மணிக்கு மூடப்படும், அதன் பிறகு தெரிபவை எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலில் பலகை இருந்தது.